பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு

இன்னும் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வரவில்லை. தொண்ணூற்றாறில் நிற்கிறார். புறத்தேர்வாளர் கலியபெருமாள் ஒவ்வொரு தாளையும் நாக்கில் விரலைத் தொட்டுத்தான் புரட்டுகிறார். பாண்டிச்சேரியிலிருந்து ஆய்வேட்டை மடியில் வைத்துப் படித்துக்கொண்டே ரயிலில் வந்ததாகக் காலையில் சொன்னார், சும்மா வந்திருக்கக் கூடாதா மனுஷன், மற்ற புறத்தேர்வாளர்கள் எல்லாம் வந்ததும் திருச்செந்தூருக்குக் கார் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். இவர் அகராதி கேட்டார். லத்தீன் அகராதி உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று. ஆய்வேட்டின் விளிம்பில் மஞ்சள் சீட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, பக்கத்து நாற்காலியிலிருந்து எண்ணிவிட்டேன், பதினொன்று. ஏழு முடிந்துவிட்டது. மீதி நாலு. அந்த நாலில் ஒன்று அதுவாக இருக்கும், இருக்காது, ஒரு சீட்டு கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது, ஆனால் நூற்று முப்பதாகவும் இருக்கலாம், நூற்று முப்பதில் ஒரு எழுத்துப்பிழை உண்டு, அதைக் கேட்டுவிட்டுத் தாண்டிப் போகட்டும். மே மாத வெயிலில் பொன்னாடையைப் போர்த்தி உட்கார வைத்துவிட்டார்கள், கழுத்தெல்லாம் அரிக்கிறது, எடுத்தால் மரியாதையில்லை. எங்களுக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் பேனர். பொது வாய்மொழித் தேர்வு என்று பெரிதாகப் போட்டு, பட்டம் வாங்கப்போகிற பெண்ணின் படம் தபால்தலை அளவில், வழிகாட்டியான முனைவர் சங்கரநயினாரின் படம், அதாவது என் படம், அதைப்போல் மூன்று மடங்கு. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எதையுமே வேண்டாம் என்று நான் உரிய நேரத்தில் சொன்னதில்லை.

பனிமயம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீலக்கரை வைத்த வெள்ளைச் சேலை, கையில் குறிப்புத்தாள் எதுவும் இல்லை. தூத்துக்குடிப் பெண், நாலு வருடம் கன்னியாஸ்திரீ மடத்தில் பயிற்சியில் இருந்துவிட்டு வெளியே வந்தவள், ஏன் வந்தாய் என்று நான் கேட்டதில்லை, அங்கே கற்ற லத்தீனை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டாள். இந்த ஊரில் தத்துவத்துறைக்கு லத்தீன் தெரிந்த மாணவி ஒருத்தி தானாக வந்து சேருவாள் என்று யார் நினைத்தார்கள். முதலில் எனக்குப் பெருமை. பிறகு பயம். பழைய கிரேக்கர்கள் வானத்தைப் பற்றிச் சொன்னதை இரண்டாயிரம் வருடம் கழித்து ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தவர்கள் எப்படிப் படித்தார்கள், எதைச் சரியாகப் படித்தார்கள், எதைத் தங்கள் ஆசைப்படி படித்துக்கொண்டார்கள், இதுதான் அவள் ஆய்வு. இப்போது கோளங்களின் இசையைச் சொல்கிறாள். நடுவில் பூமி, அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணாடிக் கோளங்கள், ஒவ்வொன்றும் சுழலும்போது ஒரு சுரம், எல்லாம் சேர்ந்து ஓயாத ஒரு இசை. பிதாகரஸ் வழி வந்தவர்கள் நம்பியது. அப்படியானால் நமக்கு ஏன் கேட்கவில்லை என்று கலியபெருமாள் கேட்க, பிறந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பதால் கேட்கவில்லை என்று அவர்களே பதில் வைத்திருந்தார்கள், கொல்லர் தெருவில் குடியிருப்பவனுக்குச் சம்மட்டிச் சத்தம் காதில் விழாத மாதிரி என்றாள். முன்வரிசையில் அவள் அம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. மடியில் மக்ரூன் இனிப்பு டப்பாக்களை அடுக்கிப் பிடித்திருக்கிறாள், துறையில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று, எனக்கு மட்டும் இரண்டு என்று காலையில் வாசலிலேயே சொல்லிவிட்டாள். பக்கத்தில் அண்ணன், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன், தங்கச்சி பேசுவதை செல்போனில் பிடித்துக்கொண்டிருக்கிறான். இதையும் பிடிப்பானா. நூற்று நாற்பத்து மூன்று வரும்போது அந்த செல்போன் என் முகத்தையும் பிடிக்கும். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று இப்போதே யோசிக்கிறேன் பார், அதுதான் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலில் நடந்தது. அப்போது எனக்கு வயது முப்பது, சென்னையில் ஒரு நூலகத்தில் பத்து நாள் அனுமதி வாங்கி உட்கார்ந்தேன். ஏதென்ஸ் ஞானி ஒருவர் உலகத்தைப் பற்றிச் சொன்னது, அதற்கு ஃப்ளாரன்ஸ் நகரத்து உரையாசிரியர் ஒருவர் லத்தீனில் எழுதிய உரை, இரண்டையும் ஆங்கிலத்தில் கலந்து அச்சிட்ட பழைய தடிப் புத்தகம். மூலம் கொஞ்சம், உரை கொஞ்சம், மறுபடி மூலம். எது யாருடையது என்பதற்கு ஒரே ஒரு அடையாளம், உரை வருகிற இடத்தில் பக்கத்தின் ஓரத்தில் மெலிசாக நெட்டுக்கோடு ஒன்று போட்டிருப்பார்கள். அதை நான் அப்போது பார்க்கவேயில்லை. வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். தாள் மிச்சம் பண்ண இரண்டு பக்கத்தைச் சுருக்கி ஒரே தாளில் எடுங்கள் என்று சொன்னவன் நான்தான், கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. சுருக்கியும் ஓரம் அடங்கவில்லை. ஓரத்தில் என்ன இருக்கிறது, வெள்ளைதானே சார் என்றார். வெள்ளைதான் என்றேன். ஊருக்கு வந்து படித்தபோது எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடியது, எல்லாம் ஏதென்ஸ்காரர் பேசுவதாகவே இருந்தது. உலகம் தன்னையே நேசிப்பதால் சுழல்கிறது என்று ஒரு வரி. மூன்று நாள் தூங்கவில்லை. இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் இப்படிச் சொல்லியிருக்கிறார், நம் ஊரில் யாரும் இதைத் தமிழில் சொல்லவில்லை, நான் சொல்வேன். சொன்னேன். கட்டுரை வந்தது, கட்டுரையிலிருந்து என் புத்தகம், புத்தகத்திலிருந்து அஞ்சல்வழிப் பாடநூலில் மூன்றாம் அலகு, அதிலிருந்து இரண்டு மதிப்பெண் கேள்வி. கிரேக்கர் கூற்றுப்படி உலகம் ஏன் சுழல்கிறது. எத்தனை ஆயிரம் பிள்ளைகள் எழுதியிருக்கும், எழுதியதற்கெல்லாம் நான் சரி போட்டிருக்கிறேன். கல்லூரி நாட்காட்டியில் ஜூன் மாதத்துக்குக் கீழே அந்த வரி இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன், பாராட்டு மலர் போடுகிறார்கள், மலருக்குப் பெயரும் அதுதான், தன்னையே நேசிக்கும் உலகம்.

ஆய்வின் மூன்றாம் வருடம் பனிமயம் என்னிடம் வந்தாள். மழை நாள், துறையில் யாருமில்லை. இணையத்தில் லத்தீன் பழம்பதிப்பின் படங்கள் கிடைத்ததாகவும் வரிவரியாக ஒப்பிட்டதாகவும் சொன்னாள், குரலில் சந்தோஷம் இருந்தது, எனக்கு ஏதோ பரிசு கொண்டுவந்தவள் மாதிரி. அந்த வரி ஏதென்ஸ்காரர் சொன்னது இல்லை, ஃப்ளாரன்ஸ்காரர் உரையில் சேர்த்தது. மூலத்தில் சுழற்சி மட்டும்தான் இருக்கிறது, நேசம் இல்லை. நேசம் அவர் காலத்தது, அவருக்கு எல்லாமே நேசம்தான், உலகமே உயிருள்ள பிராணி என்று கிரேக்கர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஒரு இதயமும் கொடுத்துவிட்டார். இது என் ஆய்வுக்கு ரொம்ப நல்ல எடுத்துக்காட்டு சார் என்றாள். அடிக்குறிப்பாகவே எழுதிக் கொண்டுவந்திருந்தாள், அதில் என் பெயரும் இருந்தது, மரியாதையாக, முனைவர் என்று போட்டு, இந்த வரியைத் தமிழில் முதலில் தந்த நூலில் இது மூலமாகக் கொள்ளப்பட்டுள்ளது என்று. ஒரு குறையும் சொல்ல முடியாத வாக்கியம். நான் அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு பேச ஆரம்பித்தேன், ஐயோ, எவ்வளவு பேசினேன். மூலம், உரை என்று பிரிப்பதே நம் காலத்துப் பழக்கம் என்றேன். அந்தக் காலத்தில் உரையும் மூலமும் ஒரே உடம்பு என்றேன். எகிப்து ஞானி ஒருவரின் ஏடுகள் மோசஸ் காலத்தவை என்று நம்பி மறுமலர்ச்சிக் காலத்தவர்கள் எவ்வளவு பெரிய தத்துவக் கட்டடம் கட்டினார்கள், பிறகு மொழியறிஞர் ஒருவர் வந்து அவை கிறிஸ்துவுக்குப் பிந்தியவை என்று காட்டினார், அதனால் கட்டடம் பொய்யாகிவிட்டதா என்றேன். தப்பாகப் படித்துத்தான் அவர்கள் புதிதாக யோசித்தார்கள் என்றேன். பாதி உண்மை, அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவங்க தப்புன்னு தெரிஞ்ச பிறகு மறைக்கல சார்."

அதற்கு மேல் என்னிடம் தத்துவம் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, இந்த நேரத்தில் இது வேண்டாம்மா, எடுத்துவிடு என்றேன். அப்படியே சொன்னேன், ஓய்வு என்ற வார்த்தையைச் சொன்னேன், இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. வழிகாட்டி கையெழுத்துப் போடாவிட்டால் ஆய்வேடு உள்ளே போகாது என்பது அவளுக்கும் தெரியும், அதை நான் சொல்லவில்லை, சொல்லாமலேயே அது மேஜைமேல் இருந்தது. எடுத்தாள். அடிக்குறிப்பை எடுத்தது மட்டுமில்லை, அந்த வரியை ஏதென்ஸ்காரருடையதாகவே போட்டு, ஆதாரமாக என் புத்தகத்தைக் காட்டி, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஏன் வைத்தாள். வரியையே விட்டுவிட்டிருக்கலாமே. நான் அவளைக் கேட்டேனே, உலகம் ஏன் சுழல்கிறது என்பது இல்லாமல் அந்த அத்தியாயம் நிற்காதே என்று. ஆமாம், நான்தான் கேட்டேன். இதை ஒவ்வொரு தடவையும் மறந்துவிட்டு மறுபடி நினைத்துக்கொள்கிறேன்.

நூற்றுப் பத்தொன்பது. எட்டாவது சீட்டு. பிதாகரஸ் வழியினரில் சிலர் உலகத்தின் நடுவில் பூமிக்குப் பதில் ஒரு தீ இருப்பதாகச் சொன்னார்கள், அதைத்தான் மறுமலர்ச்சிக் காலத்தவர்கள் சூரியன் என்று எடுத்துக்கொண்டார்களா என்று கேட்கிறார். பனிமயம் நிமிர்ந்துவிட்டாள். இது அவளுக்குப் பிடித்த இடம். அந்தத் தீ சூரியன் இல்லை சார், சூரியனும் அதைச் சுற்றித்தான் வருகிறது, ஆனால் சூரியனை நடுவில் வைக்க ஆசைப்பட்டவர்களுக்குப் பழங்காலத்திலிருந்து ஒரு சாட்சி தேவைப்பட்டது, கிரேக்கர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள் என்று காட்டினால்தான் ஊர் கேட்கும், அதனால் தீயைச் சூரியனாகப் படித்துக்கொண்டார்கள் என்கிறாள். கலியபெருமாள் சிரிக்கிறார், நல்ல பதில் என்று அரங்கத்தைப் பார்த்துச் சொல்கிறார், கைதட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன், என் மாணவி. ஊர் கேட்பதற்காகப் பழையவன் வாயில் போடுவது. நான் அதைக்கூடச் செய்யவில்லை, ஓரம் வெட்டுப்பட்ட தாளைப் படித்தேன், அவ்வளவுதான், அது பாவமில்லை. தொண்ணூற்று நாலு பாவமில்லை. அந்த மழை நாள்தான். கோளங்களின் இசை கேட்காததற்குச் சொன்ன காரணம் நல்ல காரணம், இரண்டு வருடமாக இது என் காதில் இருக்கிறது, வகுப்பில் இருக்கும்போதும், சாப்பிடும்போதும், அதனாலேயே பல நாள் கேட்பதில்லை. இன்று கேட்கிறது. அடுத்த அறையில் இலை போடுகிற சத்தம், சாம்பார் வாசனை, மணி பன்னிரண்டே முக்கால். பசி வந்தால் இவர் சுருக்கிக்கொள்வார். யாராவது வந்து ரயிலுக்கு நேரமாகிறது என்று சொன்னால் நன்றாக இருக்கும். விரலை நாக்கில் வைக்கிறார். புரட்டுகிறார். நூற்று முப்பதில் சீட்டு இல்லை.

"நூத்தி நாப்பத்தி மூணும்மா. உலகம் தன்னையே நேசிக்கறதால சுழலுதுன்னு ஒரு மேற்கோள். இதை மூலம்னு போட்டிருக்கீங்க. நான் தேடிப் பார்த்தேன், மூலத்துல இது இல்ல. உரையில இருக்கு. லத்தீன் தெரிஞ்சவங்க நீங்க, எப்படி இது நடந்துச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. பனிமயம் என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான், அரை நிமிஷம்கூட இருக்காது, கெஞ்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை, வகுப்பில் பதில் தெரிந்த ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள், நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா என்று. நான் என்ன செய்தேன். பொன்னாடையைச் சரி பண்ணினேன். எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தேன், திறந்துவிட்டுக் குடிக்காமல் மூடினேன். அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"என் கவனக்குறைவு சார். மூலத்தோட ஒப்பிட்டுப் பார்க்காம விட்டுட்டேன்."

வரிவரியாக ஒப்பிட்டவள். அந்த லத்தீன் பக்கங்களை அச்செடுத்து, மூலத்துக்குப் பச்சை, உரைக்குச் சிவப்பு என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பவள், அந்தக் கட்டு இப்போதும் என் அலமாரியில்தான் இருக்கிறது, இங்கிருந்து இருபது அடி. கலியபெருமாள் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அவளை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது, இப்போது அந்த இடத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். மூலம் எது, உரை எது என்பதுதானே உங்கள் ஆய்வே அம்மா என்றார், பேனாவை எடுத்து எழுதினார், எழுதுவதை நான் ஓரக்கண்ணால் படித்தேன், ஆய்வாளர் முதன்மை ஆதாரத்தைச் சரிபார்க்கவில்லை. இப்போது சொல் என்று எனக்குள் ஒருவன். இப்போது, இந்த மை காய்வதற்குள். நாகர்கோவிலில் அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது, இந்த மாதத்துக்குள் பட்டம் கையில் இருந்தால் உதவிப் பேராசிரியர், அந்தக் கல்லூரிச் செயலரின் சொந்தக்காரப் பெண் ஒருத்தியும் அதே வேலைக்கு வரிசையில் நிற்கிறாள், நியமனக் குழு வாய்மொழித் தேர்வு அறிக்கையைக் கேட்டு வாங்கும், இந்த ஒரு வரி போதும் அவளைக் கழித்துவிட. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன். சரி, இடையில் புகுந்து சொன்னால் நாகரிகமாக இருக்காது, கடைசியில் வழிகாட்டி பேச வேண்டும், அப்போது முறையாகச் சொல்லலாம். ஆமாம், அதுதான் சரி. பத்தாவது சீட்டு, பதினொன்றாவது, என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள், எதுவும் காதில் விழவில்லை. குரல் மட்டும் கேட்டது, அதில் முன்பிருந்த துள்ளல் போய்விட்டிருந்தது.

மைக் என் கைக்கு வருகிறது. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன், சிறு திருத்தங்களுடன், என்று கலியபெருமாள் அறிவித்து, கைதட்டி, அவளுக்கும் ஒரு சால்வை போட்டாகிவிட்டது. நான் எழுந்து நிற்கிறேன். சொல்கிறேன், சொல்லியேவிட்டேன், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துத் தவறு பனிமயத்துடையது இல்லை, என்னுடையது என்று. சொன்ன உடனே நெஞ்சு லேசாகிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எல்லாக் கண்ணும் என் மேல், துறைத்தலைவர் நிமிர்கிறார், அண்ணனின் செல்போன் என்னை நோக்கித் திரும்புகிறது. அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது, அவள் கண்டுபிடித்துச் சொன்னாள், நான்தான் நீக்கச் சொன்னேன். அதுதான் வரவேண்டியது. வந்தது வேறு. ஒரு மாணவி செய்கிற எந்தத் தவறும் அவளுடைய வழிகாட்டியின் தவறுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்றேன். குரல் கொஞ்சம் தழுதழுத்தது, அது நடிப்பில்லை, ஆனால் நடிப்புக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது. பிறகு கைதட்டல். இதுவரை கேட்டதிலேயே பெரிய கைதட்டல். கலியபெருமாள் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்தக் காலத்தில் மாணவர் தவறைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஆசிரியர் யார் இருக்கிறார், கொடுத்து வைத்த பெண் என்று மைக்கில் சொல்கிறார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டுகிறேன், அதையும் பணிவு என்றே எடுத்துக்கொண்டு இன்னும் தட்டுகிறார்கள். ஏதென்ஸ்காரர் சொல்லாததை அவர் வாயில் நான் போட்டேன், என்னிடம் இல்லாத பெருந்தன்மையை இந்த ஊர் என் மேல் போட்டுவிட்டது. கீழே இறங்கினால் அவள் அம்மா வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாள், கண்ணெல்லாம் தண்ணீர், என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தனை பேருக்கு முன்னால எம்புள்ள தப்ப உங்க தப்புன்னு சொன்னியளே ஐயா. பெத்தவளும் செய்யமாட்டா."

அந்தக் கையை உதறிக்கொண்டு ஓடியிருக்கலாம். அம்மா, உங்கள் பெண் தப்பே பண்ணவில்லை என்று அவளிடமாவது சொல்லியிருக்கலாம், தனியாக, காதோடு காதாக, அவளுக்கு லத்தீன் தேவையில்லை, மூலம் உரை தேவையில்லை, உங்கள் பிள்ளை சரியாகச் செய்தாள், நான் கெடுத்தேன், இது போதும். நான் சிரித்தேன். இருக்கட்டும்மா என்றேன். அவள் கை சொரசொரப்பாக, சில்லென்று இருந்தது. பனிமயம் நாலடி தள்ளி நின்று தன் அம்மா என் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கூட்டமே கைதட்டியபோது அவள் தட்டினாளா என்று எனக்குத் தெரியவில்லை, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டுகிறார் குமாஸ்தா பிச்சுமணி. திருத்தச் சான்று. தேர்வாளர் காட்டிய பிழை திருத்தப்பட்டது என்று வழிகாட்டி சான்றளிக்க வேண்டும், இன்றே அனுப்பினால் பத்து நாளில் பட்டம் கைக்கு வரும், நாகர்கோவில் தேதிக்குச் சரியாக இருக்கும். மற்றதெல்லாம் தட்டச்சு செய்துவிட்டார்கள், ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, பிழை நேர்ந்த காரணம். அதை வழிகாட்டி தன் கையால் எழுத வேண்டும். பேனாவைத் திறந்தேன். பனிமயம் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். மேடையில்லை, மைக் இல்லை, கைதட்ட யாருமில்லை, நல்ல இடம், இங்கே உண்மையை எழுதினால் உண்மையாகவே இருக்கும். எழுதிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். வழிகாட்டியின் பிழை என்று எழுதினால் என்ன நடைமுறை என்று பிச்சுமணியிடம் கேட்டேன், ஏன் கேட்டேன், எழுதிவிட்டுக் கேட்டிருக்கலாமே. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அப்படி எழுதினா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போகும் சார். விளக்கம் கேப்பாவ, கமிட்டி போடுவாவ, மூணு மாசம் ஆயிரும். எல்லாரும் ஆய்வாளர் கவனக்குறைவுன்னுதான் எழுதுவாவ."

மூன்று மாதம். அவள் வேலை போய்விடும். அப்படியானால் அவளுக்காகத்தான், அவள் நன்மைக்காகத்தான். எங்கிருந்தோ ஒரு கை நீண்டு என்னைத் தூக்கிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன், மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை என்று சொல்வாளோ என்று ஒரு நொடி பயந்தேன், ஆமாம், பயந்தேன். அவள் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வாளரின் கவனக்குறைவு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன். அவள் தாளை வாங்கி, எதையும் படிப்பது போலவே விரலைக் கீழே வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். ஐந்து வருடமாக என்னிடமிருந்து எந்தத் தாளை வாங்கினாலும் நன்றி சார் என்பாள். இன்று சரி சார் என்றாள். பந்தி போட்டாகிவிட்டது, கலியபெருமாள் எனக்காகக் காத்திருக்கிறாராம், என்னை அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நல்ல பசி. காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. இரண்டாம் தடவையும் சோறு போடச் சொல்லி, சாம்பார் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறேன்.